பெண்ணையாற்றங்கரையில் ஒரு பகற்பொழுது

கிருஷ்ணகிரி மாவட்டம் என்றவுடன் ஓசூர்த் தொழிற்சாலைகளையும் மாம்பழத்தையும் நினைத்துக்கொண்டு, அதற்கு மேல் அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்கள், ஒருநாள் அதிகாலையில் நாகரசம்பட்டியிலிருந்து கிளம்பித் தென்பெண்ணையின் கரையை ஒட்டினாற்போல் ஸ்தல தரிசனம் செய்துகொண்டு போவார்களேயானால், பொழுது சாய்வதற்குள் அந்தக் கேள்வியைத் தாங்களே மறந்துவிடுவார்கள். கர்நாடகத்து நந்தி மலைப் பிரதேசத்தில் உற்பத்தியாகி, கெலவரப்பள்ளியிலும் கிருஷ்ணகிரியிலும் அணைகளில் தேங்கி இளைப்பாறி, காவேரிப்பட்டணத்தைத் தொட்டுக்கொண்டு கீழ்த்திசை நோக்கிப் போய்க் கடலூர்ப் பக்கம் கடலில் கலக்கும் இந்த ஆற்றுக்குக் காவிரியின் கீர்த்தி இல்லை. ஆனாலும் அதன் கரையில் வாழ்ந்தவர்கள் தங்கள் சங்கதிகளைக் கல்லில் எழுதி வைப்பதில் சிறிதும் குறை வைக்கவில்லை.

முதலில் போகவேண்டிய இடம் காவேரிப்பட்டணத்துக்கு அருகேயுள்ள பெண்ணேஸ்வரமடம். ஆற்றின் பெயரையே தாங்கிய பெண்ணேஸ்வரர் இங்கே கோயில் கொண்டிருக்கிறார். சோழர் காலத்துக் கட்டடம், சுவரெல்லாம் கல்வெட்டு. சாசனம் பார்க்க விரும்புகிறவர்கள் காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் போய்விடவேண்டும். அப்போதுதான் கருங்கல்லில் வெட்டிய ஒவ்வொரு எழுத்தின் பள்ளத்திலும் நிழல் தங்கி, வரிகள் தாமாகவே எழுந்து நிற்கும். உச்சிப்பொழுதில் அதே சுவர் வெறும் சுவராகிவிடும். சமயபுரத்துக்கு அருகேயுள்ள கண்ணனூரிலிருந்தும், பின்னர் இம்மாவட்டத்திலேயே உள்ள குந்தாணியிலிருந்தும் பதின்மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆட்சி செலுத்திய ஹொய்சள மன்னன் வீர ராமநாதனுடைய சாசனம் ஒன்று இங்கே பிரசித்தமானது. அரசாங்க உத்தியோகஸ்தர்கள் ஊருக்குள் வந்து ஜனங்களிடம் சோறும் காசும் கேட்டு உபத்திரவம் செய்தால், அவர்கள் தலையை வாங்கிவிடலாம் என்பது அதன் சாராம்சம். தண்டனை கடுமைதான், ஆனால் ஓர் அரசன் தன்னுடைய ஆட்களைக் குறித்தே இவ்வளவு கோபமாகக் கல்லில் வெட்டவேண்டி வந்ததென்றால், அக்காலத்து ஆற்றங்கரைக் குடியானவன் எவ்வளவு பொறுத்திருப்பான் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். கோபுர உயரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்புகிற யாத்திரிகர்களுக்கு இந்த ரசம் கிட்டுவதில்லை.

அங்கிருந்து காவேரிப்பட்டணம். 1767-இல் ஹைதர் அலி ஆங்கிலேயரிடமிருந்து பிடித்த கோட்டை இருந்த ஊர் இது என்று சொன்னால், இன்று கடைவீதியில் நிற்பவர்களுக்கு நம்பிக்கை வராது. அவர்களுக்கு இந்த ஊர் நிப்பட்டுக்குப் பெயர்போன ஊர். அரிசி மாவில் வேர்க்கடலையும் மிளகாயும் சேர்த்து வட்டமாகத் தட்டி எண்ணெயில் பொரித்தெடுக்கும் அந்தப் பண்டத்தை வாங்கிக்கொள்ளாமல் மேலே பிரயாணம் செய்வது விவேகமல்ல. மாசி மாதம், சிவராத்திரியை அடுத்த அமாவாசையில் இங்கே ஆற்றங்கரை மயானத்தில் மயானக் கொள்ளை நடக்கும். அம்மன் வேஷம் தரித்தவர்கள் ஆவேசத்துடன் முன்னே செல்ல, நேர்ந்துகொண்டவர்கள் தானியங்களையும் காசுகளையும் கூட்டத்தின்மீது வாரி இறைக்க, அவற்றைப் பொறுக்கிக்கொண்டுபோய் வீட்டில் வைத்தால் விளைச்சல் பெருகும் என்று நம்புகிற ஜனங்கள் முண்டியடிக்கும் காட்சி எல்லோருக்கும் பிடிக்குமென்று சொல்லமாட்டேன். எனக்கோ அதைவிட ருசிகரமாய்ப் படுவது வேறொன்று: மேல்மலையனூரிலும் வடதமிழ்நாட்டின் பற்பல அங்காளம்மன் கோயில்களிலும் பூசை செய்யும் உரிமை, மீன்பிடிப்பைக் குலத்தொழிலாகக் கொண்ட பருவதராஜகுலத்தாருடையது. வலை வீசிய கையே தீபாராதனையும் காட்டுகிற இந்த ஏற்பாட்டைச் சாஸ்திரப் புத்தகங்களில் தேடினால் அகப்படாது.

அவர்கள் வலை வீசிய ஆறு இன்று சுகமாயில்லை என்பதையும் சொல்லியாகவேண்டும். பெங்களூரின் கழிவுநீரைச் சுமந்துகொண்டு வருவதால் கெலவரப்பள்ளி அணையிலிருந்து திறந்துவிடும் நீரில் வெள்ளை வெள்ளையாய் நுரை பொங்கி மிதப்பதைச் செய்தித்தாள்களில் ஆண்டுதோறும் பார்க்கிறோம். காமராசர் காலத்தில் கட்டிய கிருஷ்ணகிரி அணையோ, 2017 நவம்பரில் மதகு ஒன்று உடைந்து, கரையோர மக்களையெல்லாம் கலங்கடித்தது. ஆனாலும் அந்த நீரேதான் கீழே நெடுங்கல் அணைக்கட்டில் மறிக்கப்பட்டு, கால்வாய் வழியே பாரூர்ப் பெரிய ஏரியை நிரப்பி, நெல்லுக்கும் தென்னைக்கும் பாய்கிறது. ஏரிக்கரையில் மீன் வாங்கலாம். ஞாயிற்றுக்கிழமையானால் போச்சம்பள்ளிச் சந்தையில் ஆட்டுப் பேரத்தையும் கேட்கலாம்.

மாலைக்கு மீதி வைத்துக்கொள்ளவேண்டியவை அனுமன் தீர்த்தமும் தீர்த்தமலையும். இலங்கையிலிருந்து திரும்பிய ராமபிரான் இந்த மலையில் சிவபூசை செய்ய விரும்பி, காசித் தீர்த்தம் கொண்டுவர அனுமனை அனுப்பினார் என்றும், அனுமன் வரத் தாமதித்ததால் பாணத்தால் பாறையைப் பிளந்து நீர் வரவழைத்தார் என்றும், பிறகு வந்து சேர்ந்த அனுமன் வருத்தத்தில் வீசியெறிந்த கலசத்து நீரே பெண்ணையாற்றங்கரையில் விழுந்து அனுமன் தீர்த்தமாயிற்று என்றும் ஸ்தல புராணம் சொல்லுகிறது. மலைமேல் தீர்த்தகிரீசுவரர் சந்நிதியை ஒட்டிய செங்குத்தான பாறையிலிருந்து ராம தீர்த்தம் இன்றும் வீழ்ந்துகொண்டிருக்கிறது. அதன்கீழ்த் தலையைக் காட்டி நின்றால், படியேறி வந்த களைப்பெல்லாம் போய்விடும்.

ஆடிப் பதினெட்டன்று முதலில் அனுமன் தீர்த்தத்தில் ஸ்நானம் செய்துவிட்டு, பிறகு மலையேறி ராம தீர்த்தத்தில் நீராடுவது இப்பக்கத்துக் குடும்பங்களின் வழக்கம். அன்று கூட்டம் சொல்லி மாளாது. வயோதிகர்களோடு போகிறவர்கள் வேறொரு நாளில், வெயில் தணிந்த பிறகு ஏறி, இருட்டுவதற்குமுன் இறங்கிவிடுவதே சிலாக்கியம்.