லயத்து நட்பும் இல்லத்து நட்பும்

தாப்பாவிலிருந்து மலையேறும் பழைய பாதையில் எண்ணற்ற வளைவுகளைக் கடந்து, பகாங் மாநில எல்லைக்குள் நுழைந்ததும், கேமரன் மலையில் நாம் முதலில் காணும் ஊர் ரிங்லெட். 1929இல் ஜே. ஏ. ரஸல் என்பவர் இந்த வட்டாரத்தில் தொடங்கிய போ தேயிலைத் தோட்டமும், அதன்பின் தோன்றிய மற்றத் தோட்டங்களும், தமிழ்த் தொழிலாளர் பலரை இந்தக் குளிர் மலைக்குக் கொண்டுவந்து சேர்த்தன. இன்று கொழுந்து பறிப்போரில் வெளிநாட்டினரே மிகுதி. எனினும், அந்தத் தோட்டங்களில் உழைத்து முதுமையடைந்த தமிழர் குடும்பங்கள் இன்னும் நம்மிடையே இருக்கின்றன. அவர்களை மனத்தில் கொண்டே நாம் இன்றைய பொருளை எடுத்துக்கொள்கிறோம்.

தோட்டத்து லயத்தில் வாழ்ந்தவர்களுக்கு நட்பு என்பது தேடிப்போய் அடைந்த பொருளன்று. ஒரு சுவருக்கு அப்பால் அடுத்த வீடு. அங்கே குழந்தை இருமினால் இங்கே கேட்கும். தண்ணீர்க் குழாய் பலருக்கும் பொது. விடியற்காலையில் பெரட்டுக்கு எல்லாரும் ஒரே இடத்தில் நிற்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கும் அதே முகங்கள்தாம். இன்னாரோடு பழகலாமா என்று எவரும் யோசித்ததில்லை. பழகாமல் இருப்பதற்குத்தான் முயற்சி தேவைப்பட்டது.

இந்த ஏற்பாடு முழுவதும் வேலை என்ற ஒரே ஆணியில் தொங்கியது. லயத்து வீடு வேலைக்காகத் தரப்பட்ட வீடு. வேலையிலிருந்து ஓய்வு பெறும்போது அந்த வீட்டையும் விட்டுக் கொடுக்க வேண்டிய நிலை வருகிறது. 2012ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஓய்வு வயதுச் சட்டம் 2013 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்து, தனியார் துறையில் ஓய்வு வயதை 60 ஆக்கியது. ஆகவே, அறுபது வயதில் ஒருவர் சம்பளத்தை மட்டும் இழப்பதில்லை. சுவருக்கு அப்பாலிருந்த குரலையும் இழக்கிறார். பிள்ளைகள் ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ இருந்தால் அங்கே போகலாம். அடுக்குமாடி வீட்டில் பகலெல்லாம் பூட்டிய இரும்புக் கதவுக்குப் பின்னால் தனியே இருக்க முடியாதவர்களும், போவதற்கு இடமே இல்லாதவர்களும், திருச்சபையினர் நடத்தும் முதியோர் இல்லங்களை நாடுகிறார்கள்.

அங்கே உணவு உண்டு, மருந்து உண்டு, காலையும் மாலையும் ஜெபம் உண்டு. எல்லாரும் கிறிஸ்தவர்கள். இனி நட்புக்கு என்ன குறை என்று நமக்குத் தோன்றும். ஆனால் சேர்ந்து சில மாதங்கள் ஆனபின்பும் பெயர் சொல்லி அழைக்க ஒருவருமின்றி, சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் முதியவர்களை எந்த இல்லத்திலும் காணலாம். ஒரே கூரையும் ஒரே விசுவாசமும் மட்டும் நட்பை உண்டாக்குவதில்லை. பின் எது உண்டாக்குகிறது?

இதற்கு விடை தேடிய ஆய்வு ஒன்றைச் சொல்லவேண்டும். லியோன் ஃபெஸ்டிங்கரும் அவருடைய தோழர் இருவரும் அமெரிக்காவில் மாணவர் குடும்பங்கள் வாழ்ந்த வெஸ்ட்கேட் என்னும் குடியிருப்பை ஆராய்ந்து 1950இல் நூலாக வெளியிட்டார்கள். ஒரே மாடியில் அடுத்தடுத்த வீட்டில் இருந்தவர்களில் நூற்றுக்கு 41 பேர் நெருங்கிய நண்பராயினர். ஒரு வீடு இடைவிட்டு இருந்தவர்களில் 22 பேர். அதே மாடியின் இரு கோடிகளில் இருந்தவர்களில் 10 பேர் மட்டுமே. இத்தனைக்கும் இடைத்தூரம் அதிகமில்லை! படிக்கட்டின் அருகில் குடியிருந்தவர்களுக்கோ மேல்மாடியிலும் நண்பர்கள் கிடைத்தார்கள். எல்லாரும் அவர்கள் வாசலைக் கடந்து போகவேண்டியிருந்ததே காரணம். நம் லயத்துப் பாட்டிமாருக்கு இது புதிய செய்தியாக இராது. குழாயடிக்கு அருகில் இருந்த வீட்டுக்குத் தெரியாத செய்தி தோட்டத்தில் ஏது?

ஆகவே இல்லத்தில் சேரும்போது எந்த அறை காற்றோட்டமானது என்று மட்டும் கேட்டால் போதாது. எந்த அறையின் முன்னால் ஆள் நடமாட்டம் இருக்கிறது, தாழ்வாரத்தில் நாற்காலி போட இடமுண்டா, சாப்பாட்டு மேசையில் யார் பக்கத்தில் இடம் என்பதையும் கேட்கவேண்டும். கோடி அறை அமைதியாக இருக்கும் என்று பிள்ளைகள் அன்போடு தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறார்கள். அந்த அமைதியே பின்னால் தண்டனையாகிவிடுவதுண்டு.

அடுத்தது காலம். ஜெஃப்ரி ஹால் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 2018இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு கணக்குச் சொல்கிறார். அறிமுகமானவர் சாதாரண நண்பராவதற்கு ஏறத்தாழ 50 மணி நேரம் சேர்ந்து கழிக்க வேண்டும். நெருங்கிய நண்பராவதற்கு 200 மணிக்கு மேல் வேண்டும். சேர்ந்து வேலை செய்த நேரத்தைவிட, ஓய்வாகப் பேசிச் சிரித்த நேரமே அதிகப் பயன் தந்ததாம். கொழுந்து நிரையைவிடக் குழாயடியே நட்பை வளர்த்தது என்று நாம் இதைப் புரிந்துகொள்ளலாம். அவர் ஆராய்ந்தவர்கள் நம் முதியவர்கள் அல்லர்; ஆகவே இந்த எண்களை அளவுகோலாகக் கொள்ளாமல் வழிகாட்டியாகக் கொள்வோம். ஒரே மேசையில், ஒரே ஆளுக்குப் பக்கத்தில், மூன்று வேளையும் அரை அரை மணி நேரம் உட்கார்ந்தால் நாளுக்கு ஒன்றரை மணி. மூன்று வாரத்தில் முப்பத்தொன்றரை மணிதான் ஆகிறது. 200 மணி சேர நான்கரை மாதம் ஆகும். "வந்து மூன்று வாரமாயிற்று, எனக்கு இங்கே ஒருவரும் இல்லை" என்று தொலைபேசியில் அழும் தாய்க்கு, "அம்மா, இன்னும் பாதிக் கிணறுகூடத் தாண்டவில்லை" என்று சொல்லத் தெரிந்த மகன் வேண்டும். உடனே காரெடுத்துக்கொண்டு போய் வேறு இல்லத்துக்கு மாற்றினால், எண்ணிக்கை மறுபடி சுழியத்தில் தொடங்கும். கொடுமை நடக்கும் இடமென்றால் அது வேறு கதை. அங்கே ஒருநாளும் விட்டுவைக்கக் கூடாது.

கிறிஸ்தவ இல்லங்களுக்கு ஒரு தனி வசதி இருக்கிறது, அது பாட்டு. 2015இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் பாட்டு வகுப்பில் சேர்ந்தவர்களையும், கைவினை, எழுத்து வகுப்புகளில் சேர்ந்தவர்களையும் ஏழு மாதம் கவனித்தார்கள். முடிவில் எல்லா வகுப்பினரும் ஏறக்குறைய ஒரே அளவு நெருக்கமாகிவிட்டார்கள். ஆனால் பாடியவர்கள் மிக விரைவில் நெருங்கினார்கள். பேசப் பொருளில்லாத இருவர் பாடலாமல்லவா? தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 1864இல் மறைந்தார். அவருடைய கீர்த்தனைகள் கடல் கடந்து மலாயாத் தோட்டங்கள்வரை வந்தன. நேற்று நடந்ததை மறந்துவிட்ட முதியவரும் சிறுவயதில் பாடிய கீர்த்தனையின் சரணம்வரை பாடுவதை நாம் பார்க்கிறோம். ஒலிநாடாவையும் ஒலிபெருக்கியையும் போட்டுவிட்டு அவர்களைச் சும்மா கேட்கவைப்பது இதற்கு ஈடாகாது.

வசதியைச் சொன்ன நாம் சிக்கலையும் மறைக்கக் கூடாது. ஒருவர் செபம் என்பார், மற்றவர் ஜெபம் என்பார். ஒருவர் கையில் ஜெபமாலை, மற்றவருக்கு அது ஒவ்வாது. கத்தோலிக்கரும், மெதடிஸ்டும், லுத்தரனும், பெந்தேகோஸ்தேயும் ஒரு மேசையில் அமரும்போது, வேதவாக்கியத்தை வைத்து வழக்காடத் தொடங்கினால் கஞ்சி ஆறிப்போகும், உறவும் ஆறிப்போகும். அதைவிட ஆழமான சுவர் ஒன்றுண்டு. தோட்டத்தில் கிராணியாராக இருந்தவரும், அவர் முன்னால் கொழுந்துக் கூடையை நிறுவைக்கு வைத்த பெண்மணியும் இப்போது அடுத்தடுத்த கட்டிலில். அவருக்கு இவரை "அக்கா" என்று அழைக்க நாவெழவில்லை. இவருக்கு அவர் முன்னால் உட்காரக் கூச்சம். இது சொற்பொழிவால் தீராது. இருவரும் சேர்ந்து கீரை ஆயட்டும், கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றட்டும். யார் கைக்குத் திறமை அதிகம் என்பது தெரிந்ததும் பழைய பதவி தானே இறங்கும். சீனரும் தமிழரும் கலந்து வாழும் இல்லங்களில் ஆங்கிலம் அறியாத தமிழ்ப்பெண் தனித்துப்போகிறார். அவருக்குத் தெரிந்த பாசார் மலாயே அங்கே பாலம்; அதை ஏளனம் செய்யாதிருந்தால் போதும்.

கையில் ஒரு வேலை இருப்பது இவ்வளவு முக்கியமா என்று கேட்கலாம். ஜான் ஜுகான் என்ற பிரெஞ்சுப் பெண்மணியின் கதை இதை விளக்கும். 1839ஆம் ஆண்டு குளிர்காலத்தில், தம்முடைய 47ஆம் வயதில், கண்பார்வையிழந்த ஒரு மூதாட்டியைத் தம் வீட்டுக்கு எடுத்துச்சென்று, தம் கட்டிலையே அவருக்குக் கொடுத்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் 'ஏழைகளின் சிறிய சகோதரிகள்' சபை. அது 1882இல் கல்கத்தாவுக்கு வந்தது. பின்னாளில் பினாங்கிலும் கோலாலம்பூரிலும் முதியோர் இல்லங்களை நிறுவியது. அந்தத் தொடக்க வீட்டில் முதியவர்கள் சும்மா இருக்கவில்லை. முடிந்தவர்கள் நூல் நூற்றார்கள், ஒருவருக்கொருவர் துணைசெய்தார்கள். கொடுப்பதற்கு ஏதேனும் இருக்கும்வரை மனிதர் விருந்தாளியல்லர், வீட்டாரே.

அவருடைய முதுமையும் கவனிக்கத் தக்கது. 1843இல் தலைமைப் பதவியிலிருந்து அவர் விலக்கப்பட்டார். 1852 முதல் 1879இல் இறக்கும்வரை 27 ஆண்டுகள் மடத்தில் ஒதுங்கியிருந்தார். அவரோடிருந்த இளம் கன்னியரில் பலருக்கு, தங்கள் சபையைத் தொடங்கியவர் இவரே என்பது தெரியாது. அவர்களோடு இயல்பாகப் பழகி, தாம் கற்றதைச் சொல்லிக்கொடுத்து வாழ்ந்தார். 2009இல்தான் திருத்தந்தை அவரைப் புனிதராக அறிவித்தார். முன்னாள் பெருமை அறியப்படாத இடத்திலும் நட்புக்கு வழியுண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று நமக்குத் தோன்றுகிறது.

முதியோர் நட்பில் மறைக்க முடியாத துயரம் மரணம். அடுத்த கட்டில் ஒருநாள் காலியாகும். "இனி யாரோடும் பழகமாட்டேன்" என்று சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அப்போது ஆறுதல் வசனங்களை அடுக்குவோர் உண்டு. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் அவரோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் வாய் திறந்தபிறகுதான் வம்பு வந்தது. காலியான நாற்காலியை மறுநாளே அப்புறப்படுத்தாமல், சில நாள் விட்டுவைத்து, அவர் பெயரைச் சொல்லி ஜெபித்து, அவருக்குப் பிடித்த பாட்டைப் பாடுவது நல்ல இல்லத்தின் வழக்கம்.

வெளியிலிருந்து வரும் சபையாருக்கும் ஒரு வேண்டுகோள். கிறிஸ்துமஸ் நாளில் நாற்பது பேர் கேக்கோடு வந்து, பாடி, படமெடுத்துக்கொண்டு போவதால் அந்த மாலை கலகலப்பாக இருக்கும். அதற்கு மேல் ஒன்றும் ஆவதில்லை. இரு வாரத்துக்கு ஒருமுறை, ஒரே ஆள், ஒரே முதியவரிடம் வந்து, போனமுறை விட்ட கதையைத் தொடர்வது வேறு வகை உதவி. ஆண்டுக்கு இருபத்தாறு வருகை. அந்த ஆள் பள்ளி மாணவராகவும் இருக்கலாம்.

கடைசியாக, இன்னும் மலையில் இருந்துகொண்டு ஓய்வை எதிர்நோக்குபவர்களுக்குச் சொல்ல வேண்டியது. இல்லத்துக்குப் போகத்தான் வேண்டும் என்றால், ஒரே லயத்தில் இருந்த இருவர் ஒரே இல்லத்தை விசாரிக்கலாம். முடிந்தால் ஒரே மாதத்தில் சேரலாம். முன்னதாக ஒருமுறை கீழே இறங்கிப் போய், அங்கே ஒரு பகல் தங்கி, அவர்களோடு சாப்பிட்டுப் பார்க்கலாம். தோட்டத்தில் பழகியவர்களின் தொலைபேசி எண்களைப் பெரிய எழுத்தில் ஓர் அட்டையில் எழுதச்சொல்லிப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். கைத்தொலைபேசியில் பதிந்த எண்கள் அது பழுதானதும் போய்விடும். அட்டையின் கீழ்ப்பாதியை வெற்றிடமாக விட்டுவையுங்கள். இல்லத்தில் பழகப்போகிறவர்களின் எண்களையும் எழுதவேண்டுமே.