ஐந்தாம் படிவம் முடிந்த பின் ஓராண்டு

பள்ளிக் கல்விக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவே ஓராண்டைப் பயணத்திலோ வேலையிலோ தொண்டிலோ கழிக்கும் 'இடைவெளி ஆண்டு' என்ற வழக்கம் பிரிட்டனில் வேரூன்றியது. அங்கே பெரும்பாலும் பல்கலைக்கழக இடத்தை உறுதி செய்துகொண்ட பிறகே மாணவர் அந்த ஓய்வை எடுக்கின்றனர். பினாங்கில் எஸ்.பி.எம். எனப்படும் ஐந்தாம் படிவத் தேர்வை எழுதி முடிக்கும் தமிழ் மாணவர் பலருக்கோ கையில் எந்த இடமும் இருப்பதில்லை என்பதால், அதே சொல் இங்கே முற்றிலும் வேறொரு நிலைமையைக் குறிக்கிறது.

உண்மையில், கேட்காமலேயே ஓர் இடைவெளி அவர்களுக்குக் கிடைத்துவிடுகிறது. 2023ஆம் ஆண்டுக்கான எஸ்.பி.எம். முடிவுகள் 2024 மே 27இலும், அதற்கடுத்த ஆண்டின் முடிவுகள் 2025 ஏப்ரல் 24இலும் வெளியாயின. தேர்வு முடிந்தது முதல் முடிவு வரும் வரையிலான மாதங்களை மாணவர் எப்படியாவது கழித்தாக வேண்டும். 2004இல் தொடங்கி 2018இல் நிறுத்தப்பட்ட தேசிய சேவைப் பயிற்சி, பள்ளி முடித்தவருள் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களை மூன்று மாதம் முகாமுக்கு அழைத்துக்கொண்டது. இப்போது பெரும்பாலோரின் காத்திருப்பை நிரப்புவது வேலைதான்.

பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிப வட்டாரம் 1972 முதல் இத்தகைய இளைஞர்களை உள்வாங்கி வருகிறது. விடியும் முன்பே பட்டர்வொர்த், பிறை வீடமைப்புகளில் ஆள் ஏற்றும் தொழிற்சாலைப் பேருந்து பாலத்தைக் கடந்து தீவுக்குள் நுழைய, பன்னிரண்டு மணிநேர ஷிப்டும் அதற்கான ஓவர்டைமும் சேர்ந்த முதல் சம்பளம், 2025 பிப்ரவரியில் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்த குறைந்தபட்ச ஊதியத்தையும் தாண்டிவிடுகிறது. கவலைக்குரியது அந்தச் சம்பளமன்று, அதை நம்பிக் கையெழுத்திடப்படும் மோட்டார் சைக்கிள் தவணை. ஏனெனில் படிப்பைத் தள்ளிவைப்பது ஓராண்டுக்குத்தான் என்றாலும் தவணை பல ஆண்டுகள் நீள்கிறது, வீட்டுச் செலவும் அதற்குள் அந்த வருமானத்தோடு ஒட்டிக்கொள்கிறது. 'அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்' என்று பெற்றோரே சொல்லத் தொடங்கும்போது பிள்ளை அநேகமாகத் திரும்புவதில்லை.

இதைவிடக் கடுமையான இழப்பு மெட்ரிகுலேஷனில் நேர்கிறது. பொதுப் பல்கலைக்கழகத்துக்கு மாணவரைத் தயார்செய்யும் இந்த ஓராண்டு அரசுப் பயிற்சியில், கெப்பாளா பத்தாஸில் உள்ள கல்லூரியையும் சேர்த்து, 90 விழுக்காடு மலாய்க்காரரும் பூர்வகுடியினருமான பூமிபுத்ராக்களுக்கும் 10 விழுக்காடு ஏனையோருக்கும் என இடங்கள் பிரிக்கப்பட்டு வந்துள்ளன; 2019இல் மொத்த இடங்கள் 25,000லிருந்து 40,000 ஆக்கப்பட்டபோதும் இந்தப் பங்கீடு மாறவில்லை. 10 ஏ பெற்ற அனைவருக்கும் இனபேதமின்றி இடமுண்டு என 2024இல் அறிவிக்கப்பட்டது, எனினும் ஏழு, எட்டு ஏக்களுடன் நிற்பவரின் போட்டி அப்படியே இருக்கிறது. விண்ணப்பமோ அந்தந்த ஆண்டு எஸ்.பி.எம். எழுதியோருக்கானது, ஆகவே ஓராண்டு ஒதுங்கியவர், குறைந்த செலவில் விடுதியோடு கிடைக்கக்கூடிய அந்த இடத்துக்கான தகுதியையே இழந்துவிடுகிறார்.

ஓய்வு மனமுதிர்ச்சியைத் தரும், தவறான துறையில் விழாமல் காக்கும் என்போரும் உள்ளனர். வசதியுள்ள வீட்டுக்கு அது பொருந்தலாம்.

மெட்ரிகுலேஷன் கிட்டாதவருக்கு ஆறாம் படிவம் இருக்கிறது. நீண்ட படிப்பு, கடினமான தேர்வு என்று நம்மவர் இதை ஒதுக்குவது விந்தையே. 2012 முதல் எஸ்.டி.பி.எம். எனும் அதன் தேர்வு மூன்று தவணைகளாகப் பிரிக்கப்பட்டு ஒன்றரை ஆண்டில் முடிகிறது. முந்தைய தவணையில் சறுக்கியவர் மீண்டும் எழுதவும் வழியுண்டு. வீட்டிலிருந்தே அரசுப் பள்ளிக்குச் சென்று வரலாம் என்பதால் தனியார் கல்லூரிக்கான கடனும் மிச்சமாகிறது. தேறியவர் கெலுகோரில் 1969இல் நிறுவப்பட்ட அறிவியல் பல்கலைக்கழகம் உள்ளிட்ட பொதுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கலாம்; அதற்கான தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு தேர்வுக்கும் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைகளுக்கும் உரியது. அந்தப் பத்தைச் சேர்க்கும் சீருடை இயக்கமும் விளையாட்டும் பள்ளியில் தொடர்ந்து இருப்பவருக்கே எளிதில் கிடைக்கின்றன. தொழிற்சாலை ஷிப்டில் நிற்பவருக்கு அதற்கு நேரம் இருப்பதில்லை.