ஊர்க்கதையும் வெளிநாட்டுக் காசும்

சென்ற மாதம் வவுனியா மாவட்டக் கிராமம் ஒன்றில் மாதர் சங்கக் கூட்டம் முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். கணவரைப் போரில் இழந்த அக்கா ஒருவர் கேட்டார்: "பிள்ளை, நாட்டுக்கு வெளிநாட்டுக் காசு வருகுது எண்டு பேப்பரில போடுறாங்கள். எங்கட பக்கம் ஒரு சதமும் காணேல்லையே?"

"அக்கா, நீங்கள் வட்டிக்குக் கடன் கேட்டால், தாறவர் முதல் என்ன விசாரிப்பார்?" என்றேன்.

"ஊரில எங்களைப் பற்றி என்ன கதை எண்டுதான்."

நாடுகளுக்கும் இதே நிலைதான். வெளிநாட்டு முதலீட்டாளர்களில் பலர் நம் நாட்டை நேரில் கண்டதில்லை. கணக்கறிக்கைகளையும் செய்திகளையும் பார்த்தே முடிவெடுக்கிறார்கள். போர்ச் செய்தி ஓயாமல் வந்தால் அதிக வட்டி கேட்பார்கள். அல்லது விலகி நிற்பார்கள்.

2007 ஒக்டோபரில் இலங்கை முதன்முறையாகச் சர்வதேசச் சந்தையில் பிணைமுறி, அதாவது கடன்பத்திரம், விற்று 50 கோடி டொலர் பெற்றது. அப்போது போர் நடந்துகொண்டிருந்தது. வட்டி 8.25 வீதம். 2009 மே மாதம் போர் முடிந்ததும், இனி வளரப்போகும் நாடு என்ற தொனியில் வர்த்தகச் செய்திகள் வந்தன. அந்த ஒக்டோபரில் மீண்டும் 50 கோடி டொலர் கேட்டபோது, அதைப்போல் பதின்மூன்று மடங்கு தர ஆட்கள் முன்வந்தார்கள். வட்டி 7.4 வீதமாகக் குறைந்தது. சர்வதேச நாணய நிதியம் ஜூலையில் கடன் அனுமதித்ததும், உலகில் வட்டி குறைந்திருந்ததும் இதற்குக் காரணங்களே. எனினும் நாட்டைப் பற்றிய கதை மாறியதும் முக்கிய காரணம்.

அதே ஒக்டோபரில் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில் லட்சத்துக்கும் மேற்பட்ட எம்மவர்கள் முட்கம்பிக்குள் இருந்தார்கள். அந்தச் செய்தியும் வெளியே போகாமல் இல்லை. ஆனால் கடன் கொடுப்பவர் தேடியது, கொடுத்த காசு திரும்பி வருமா என்பதற்கான பதிலை மட்டுமே. தண்ணீருக்கு வரிசையில் நின்ற தாய் அந்தக் கணக்கில் இல்லை.

பின்னர் கடன்கள் பெருகின. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. காஸும் பால்மாவும் கிடைக்காத அந்த நாட்களில், விறகு தேடி அலைந்தவர்களும் பிள்ளைக்குத் தேநீரை வெறுமையாகக் கொடுத்தவர்களும் பெண்களே.

ஆகவே சகோதரிகளே, முதலீடு வருகிறது என்று வாசித்தால் சில கேள்விகளைக் கேளுங்கள். அது கடனா, தொழிற்சாலையா? கடன் என்றால் எதற்கு, யார் கட்டுவது? தொழிற்சாலை என்றால் எங்கள் பெண்களுக்கு எத்தனை வேலை, சம்பளம் எவ்வளவு, ஊழியர் சேமலாப நிதி உண்டா? பிரதேச செயலகக் கூட்டங்களிலும் இவற்றைக் கேட்கலாம்.

அடுத்த கூட்டத்துக்கு அந்த அக்கா பத்திரிகையைக் கொண்டுவருகிறார். சேர்ந்து வாசிக்கப் போகிறோம்.