சேகண்டியும் ஜால்ராவும்

பூரி ரத யாத்திரையைப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் கூட்டத்தையும் வடத்தையும்தான் பார்க்கிறார்கள். தேரின்மேல் நின்று சேகண்டி தட்டுகிறவர்களை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. தண்டவாளப் பராமரிப்பிலேயே உத்தியோக காலத்தைக் கழித்தவனாதலால் என் கண் முதலில் அங்கேதான் போகும்.

ஜகந்நாதரின் தேருக்குச் சக்கரங்கள் 16. பலபத்திரருக்கு 14, சுபத்திரைக்கு 12. அத்தனையும் மரம். நின்றிருக்கும் பாரத்தைக் கிளப்புவதற்கு, நகர ஆரம்பித்ததை இழுப்பதைவிட அதிக விசை வேண்டும். நூறு பேர் ஆளுக்கொரு சமயத்தில் இழுத்தால் வியர்வைதான் மிச்சம். "இழு" என்று கட்டளை போட்டாலும், காதில் விழுந்த பிறகு இழுப்பவன் சற்றுப் பிந்தித்தான் இழுப்பான். தாளத்தில் இருப்பவனுக்கோ அடுத்த அடி எப்போது விழும் என்று முன்பே தெரியும்.

லைனிலும் இதுவேதான். மீட்டருக்கு 52 கிலோ வீதம், 13 மீட்டர் ரயில் ஒன்று 676 கிலோ. கடப்பாரை போட்டு லைனை நகர்த்தும்போது மேட் "ஜோர் லகாகே" என்று குரல் கொடுப்பார். கேங்மேன்கள் "ஹைஸா" என்று நெம்புவார்கள். நம்மூர் ஐலசாவுக்கு ஒன்றுவிட்ட சகோதரன் என்றே எனக்குத் தோன்றும்!

ரிங்கல்மன் என்ற பிரெஞ்சு விவசாயப் பொறியாளர் 1913-இல் வெளியிட்ட கணக்குப்படி, 8 பேர் சேர்ந்து வேலை செய்தால் ஒவ்வொருவரிடமிருந்தும் தனியாகச் செய்வதில் ஏறக்குறையப் பாதிதான் கிடைக்கிறது. ஒன்றுபோல் செய்யாதது ஒரு காரணம். "மற்றவன் பார்த்துக்கொள்வான்" என்பது இன்னொன்று. முதலாவதைத் தாளம் சரிசெய்யும். இரண்டாவதையுமா?

2009-இல் ஸ்டான்ஃபோர்டில் வில்டர்மத், ஹீத் இருவரும் மாணவர்களை மூவர் மூவராக நடக்கவிட்டுப் பார்த்தார்கள். கால் ஒத்து நடந்தவர்கள், அதன்பின் வைத்த பண விளையாட்டில், இஷ்டப்படி நடந்தவர்களைவிட அதிகம் ஒத்துழைத்தார்கள். ஆக்ஸ்போர்டு படகு வீரர்களோ, தனியே துடுப்புப் போட்டதைவிடச் சேர்ந்து போட்டபின் வலியை அதிகம் தாங்கினார்கள்.

நம் பஜனைக்கு வருகிறேன். பாகவதர் ஓர் அடி சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொல்கிறோம். தமிழ் வாசிக்கத் தெரியாத நம் பேரக் குழந்தைகள்கூட மூன்றாவது தடவையில் சேர்ந்துகொள்ளலாம். பக்கத்து வீட்டு ஒடியாக்காரரும்தான். ஆனால் சங்கத்தில் வாடகைக் கோஷ்டியும் மைக்கும் வந்ததிலிருந்து நாம் கையைக் கட்டிக்கொண்டு கேட்கிறோம். ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் தாங்களே நடந்தார்கள். யாரோ நடப்பதை உட்கார்ந்து பார்க்கவில்லை. முன்பெல்லாம் மங்களம் முடிந்ததும் ஜமக்காளத்தை மடிக்க நாலு பேர் தானாக எழுந்திருப்பார்கள். இப்போது செயலாளர் ஆள் தேடுகிறார். கடைசி பஸ் கவலையும் காரணமாக இருக்கலாம், ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த பஜனையில் கடைசி அரை மணி நேரம் மைக்கை அணைத்துவிடலாம் என்று செயற்குழுவில் கேட்டிருக்கிறேன். சங்கத்தில் ஜால்ரா நாலு ஜோடிதான் இருக்கிறது. வீட்டில் வைத்திருப்பவர்கள் அவசியம் எடுத்துவரவும்.