கண்ணுக்குப் பரவும் புற்றுநோய்: பெரியவர்கள் அறிய வேண்டியவை

உடலின் வேறோர் உறுப்பில் தோன்றிய புற்றுநோய், இரத்த ஓட்டத்தின் வழியே கண்ணுக்கும் பரவக்கூடும். இது அரிதாகவே நிகழ்கிறது. விழித்திரைக்குப் பின்னால் கோராய்டு என்னும் மெல்லிய படலம் உள்ளது. அதில் இரத்தக் குழாய்கள் மிக அடர்த்தியாக இருப்பதால், புற்றுநோய்ச் செல்கள் பெரும்பாலும் அங்கேயே தங்குகின்றன. பெண்களுக்கு மார்பகத்திலிருந்தும் ஆண்களுக்கு நுரையீரலிலிருந்தும் பரவுவதே மிகுதி. சிறுநீரகம், குடல், தைராய்டு முதலியவற்றிலிருந்து பரவுவது அதனினும் அரிது.

பார்வை மங்குதல், நேர்க்கோடுகள் வளைந்து தெரிதல், மின்னல் போன்ற ஒளி தோன்றுதல், கரும்புள்ளிகள் மிதத்தல், பார்வையில் ஒரு பகுதி மறைதல் ஆகியன இதன் அறிகுறிகள். பெரும்பாலும் வலி இராது. ஒரு கண் மங்கினாலும் மற்றொரு கண் ஈடுசெய்துவிடுவதால், பலர் அதை உணர்வதில்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு சுவரிலுள்ள நாட்காட்டியைப் பாருங்கள். பிறகு மறு கண்ணால் பாருங்கள். வேறுபாடு தெரிந்தால், கண்புரை என்றோ கண்ணாடியை மாற்றினால் போதும் என்றோ நீங்களே முடிவு செய்ய வேண்டாம்.

உங்களுக்கு எப்போதேனும் புற்றுநோய் இருந்திருப்பின், அதைக் கண் மருத்துவரிடம் முதலிலேயே கூறுங்கள். பத்து ஆண்டுகளுக்கு முன் மார்பக அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், "அதுதான் குணமாகிவிட்டதே" என்று சொல்லாமல் விடுவதை நான் கண்டிருக்கிறேன். உடன் வரும் மகளும், தாய் சங்கடப்படுவார் என்று பேசாதிருப்பார். சிகிச்சை முடிந்து பல ஆண்டுகள் கழித்தும் கண்ணில் நோய் தோன்றலாம். எனவே, பழைய சிகிச்சைக் குறிப்புகளை உடன் எடுத்துச் செல்லுங்கள்.

நோய் முதலில் கண்ணிலேயே வெளிப்படுவதும் உண்டு. அமெரிக்காவில் 420 நோயாளிகளை ஆராய்ந்து 1997-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்குக் கண்ணில் கட்டி கண்டறியப்படும்வரை உடலில் புற்றுநோய் இருப்பதே தெரிந்திருக்கவில்லை.

சொட்டு மருந்தால் கண்பாவையை விரித்து விழித்திரையைப் பார்ப்பதும், கண்ணுக்கான அல்ட்ராசவுண்டும் முதன்மைப் பரிசோதனைகள். இரு கண்களையும் பரிசோதிக்க வேண்டும்.

கண்ணை அகற்றிவிடுவார்களோ என்பதே பலரின் அச்சம். பெரும்பாலானோருக்கு அது தேவைப்படுவதில்லை. மூல நோய்க்கு அளிக்கும் கீமோதெரபி, ஹார்மோன் சிகிச்சை அல்லது இலக்குசார் மருந்துகளாலேயே கண்ணிலுள்ள கட்டியும் சுருங்கலாம். பார்வைக்கு ஆபத்து இருப்பின், சில வாரங்கள் கதிரியக்கச் சிகிச்சை அளிக்கப்படும். நோய் உடலில் பரவியிருக்கும் நிலையிலும் பார்வையைக் காப்பது வீணன்று. தாமே நடமாடவும் உறவினரின் முகம் காணவும் அது உதவுகிறது. திடீரெனப் பார்வை குறைந்தாலோ திரை விழுந்தாற்போல மறைத்தாலோ, அன்றே கண் மருத்துவரை அணுகவும்.