கிரிவலப் பாதையும் பாத நரம்பணுக்களும்

திருவண்ணாமலையில் மலையைச் சுற்றிச் செல்லும் 14 கி.மீ. கிரிவலப் பாதையை வெறுங்காலுடன் வலம் வருவது மரபு. பகல் வெயிலில் காய்ந்த தார்ச்சாலையில் நடப்போரின் பாதத்தைக் காப்பது நரம்பு மண்டலமே.

உள்ளங்கால் நரம்பு முனைகளிலுள்ள டிஆர்பிவி1 என்னும் புரதம் ஏறத்தாழ 43° செல்சியசில் திறக்கிறது. இதனைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இப்புரதத்தின் வழியே நேர்மின் அயனிகள் உட்புகுவதால் மின்துடிப்பு எழுகிறது. மையலின் உறையுடைய மெல்லிழைகள் அதனை நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகத்தில் தண்டுவடத்திற்குக் கடத்துகின்றன. உறையற்ற இழைகளின் வேகம் ஏறத்தாழ 2 மீட்டருக்கு மேற்படுவதில்லை. ஆகவே முதலில் சுரீரென்ற வலியும் பின்னர் எரிச்சலும் தோன்றுகின்றன. மூளை வலியை உணருமுன்பே தண்டுவடத்தின் அனிச்சைச் செயலால் கால் விலகிவிடுகிறது.

இந்நரம்பணுவின் உடற்பகுதி தண்டுவடத்தை ஒட்டியுள்ளது. இழையோ பாதம் வரை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீள்கிறது. நீரிழிவு நோயில் இத்தகைய நீண்ட இழைகளின் நுனிகளே பெரும்பாலும் முதலில் சிதைகின்றன. அந்நிலையில் சுடுதரை உணரப்படுவதில்லை. கொப்புளம் அறியப்படாமலே புண்ணாகிறது. வலியின்மையைப் பக்தியின் பயனாகக் கொள்வது இங்கு ஆபத்தாகும். ஆதலின் நீரிழிவுடையோர் வலம் வருமுன் பாத உணர்வுச் சோதனை செய்துகொள்வதும், வெயில் தாழ்ந்தபின் நடப்பதும், நடந்தபின் உள்ளங்காலைக் கண்ணால் பார்த்தறிவதும் இன்றியமையாதன.