‘எனக்கு அறிவு குறைவோ?’ – ஓர் ஐயமும் அதன் விளக்கமும்



பகுதி ஒன்று தமிழ் கற்பிக்கும் கல்லூரி ஆசிரியர்க்குத் தனி வாய்ப்பு ஒன்று உண்டு. கணிதம், வணிகவியல், கணினி அறிவியல் எனப் பல துறை மாணவரும் அவர்தம் வகுப்பில் ஒருங்கே அமர்வர். தம் துறை ஆசிரியரிடம் சொல்லக் கூசும் செய்திகளைத் தமிழாசிரியரிடம் மனம் திறந்து கூறுவாரும் உளர். அவ்வாறு சில ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் வந்தவர் கணினி அறிவியல் முதலாண்டு மாணவர் ஒருவர். ஆரணிப் பட்டுக்குப் பெயர் சேர்க்கும் நெசவூர்களுள் ஒன்றாகிய பெரணமல்லூரைச் சேர்ந்தவர், தறிக்குடும்பத்துப் பிள்ளை. பன்னிரண்டாம் வகுப்பில் தம் பள்ளியிலேயே முதலிடம் பெற்றவர். அவர் கையில் மாற்றுச் சான்றிதழ் கோரும் விண்ணப்பம் இருந்தது.

“எனக்கு மூளை கம்மிங்க ஐயா. இங்க எல்லாரும் டக்குனு புரிஞ்சுக்கறாங்க. நான் மட்டும் முழிச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன். ஊருக்குப் போய்த் தறியிலயே உக்காந்துடறேன்” என்றார்.

பணம் கட்ட இயலவில்லை என்று படிப்பை நிறுத்த வருவோர்க்கு உதவ வழிகள் பல உள்ளன. ‘எனக்கு அறிவில்லை’ என்று வருவோர்க்கு என்ன செய்வது? இவ்வினாவே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

குளம் மாறிய மீன்

ஆறு மாதங்களுக்கு முன்வரை தம் பள்ளியின் முதல் மாணவராய் இருந்தவர் திடீரென அறிவு குறைந்தவர் ஆகிவிட்டாரா? ஆறே மாதத்தில் ஒருவரின் அறிவு குறையாது. மாறியது அவர்தம் அறிவன்று; அவர் தம்மை ஒப்பிட்டுக்கொண்ட கூட்டமே.

மனிதன் தன் உயரத்தை அளவுகோல் கொண்டு அளக்கலாம். அறிவை அளக்க அத்தகைய கோல் எளிதில் கிட்டாது. ஆதலின் அருகிலிருப்பவரையே கோலாகக் கொள்கிறான். இதனை 1954-இல் அமெரிக்க உளவியலறிஞர் லியோன் ஃபெஸ்டிங்கர் ஒரு கோட்பாடாகவே வகுத்துரைத்தார். 1980-களில் ஹெர்பர்ட் மார்ஷ் என்னும் அறிஞர் பள்ளி மாணவரிடையே இதனை மேலும் ஆராய்ந்தார். தேர்ச்சியில் ஒத்த இரு மாணவருள், திறன் மிக்கோர் நிறைந்த பள்ளியில் பயில்பவர் தம்மைத் தாழ்வாகவும், இயல்பான பள்ளியில் பயில்பவர் தம்மை உயர்வாகவும் மதிப்பிடுவதை அவர் எடுத்துக்காட்டினார். சிறு குளத்தில் பெரிய மீனாய்த் திரிந்தது ஏரிக்கு வந்ததும் தன்னைச் சிறு மீனாய்க் காண்கிறது. மீனின் அளவு மாறவில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

கேம்பிரிட்ஜில் ஒரு சென்னை மாணவர்

இத்தகைய ஐயம் உண்மையிலேயே அறிவு குறைந்தோர்க்குத்தான் எழும் என்று எண்ணுவோர் சுப்பிரமணியன் சந்திரசேகரின் வரலாற்றைக் காண்பாராக. 1910-இல் லாகூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற அவர், மாணவராய் இருந்தபோதே ஆய்வுக் கட்டுரைகளை வெளியிட்டவர். 1930-இல், இருபது வயது நிறைவதற்கு முன்னரே, இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அக்கடற்பயணத்தில் அவர் போட்ட கணக்கே பின்னாளில் ‘சந்திரசேகர் எல்லை’ எனப் புகழ்பெற்றது. வெண்குறுமீன் ஒன்றின் நிறை சூரியனின் நிறையைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கைத் தாண்டுமாயின், அது அந்நிலையில் நிலைத்து நிற்க இயலாது என்பதே அதன் சாரம்.

அத்தகைய கணக்கைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கேம்பிரிட்ஜில் இறங்கியவர், அங்கே டிராக், எடிங்டன், ரூதர்ஃபோர்டு போன்ற பேரறிஞரிடையே தம்மை மிகச் சிறியவராக உணர்ந்தார். 1933-இல் டிரினிட்டிக் கல்லூரியின் ஆய்வாளர் பதவிக்கு விண்ணப்பித்தபோதும் அது தமக்குக் கிட்டாது என்றே உறுதியாக நம்பினார். ஆக்ஸ்ஃபோர்டில் மில்ன் என்பாரிடம் பயில ஏற்பாடு செய்து, அங்கே வீடும் வாடகைக்குப் பிடித்துவிட்டார். ஆனால் பதவி அவருக்கே கிட்டியது. சீனிவாச இராமானுசனுக்குப் பின் அப்பெருமையைப் பெற்ற இரண்டாம் இந்தியர் அவரே.

1935 சனவரியில் இலண்டன் வானியற் கழகக் கூட்டத்தில் எடிங்டன் அவர்தம் முடிவைப் பலரறிய மறுத்துரைத்தார். அவையின் மதிப்பு எடிங்டன் பக்கமே இருந்தது. ஆயினும் சந்திரசேகர் தம் கணக்கைக் கைவிடவில்லை. 1939-இல் அதனைத் தம் நூலில் விரித்தெழுதிவிட்டு வேறு ஆய்வுகளில் இறங்கினார். 1983-இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. அவர்தம் உள்ளத்து ஐயம் ஒரு பக்கமும், கணக்கின் உண்மை மற்றொரு பக்கமும் நின்றன. ஐயம் எழுந்தமையால் கணக்கு பிழையாகிவிடவில்லை.

ஐயம் பிறக்கும் வழிகள்

இவ்வையம் பிறக்கும் வழிகளை நான்காகக் கூறலாம்.

முதலாவது, நம் உள்ளத்தையும் பிறர் முகத்தையும் ஒப்பிடுதல். நமக்குள் எழும் குழப்பம் முழுவதும் நமக்குத் தெரியும். அடுத்த இருக்கையில் இருப்பவர் தலையாட்டுவது மட்டுமே கண்ணுக்குத் தெரியும். அவருள்ளும் அதே குழப்பம் இருக்கலாம் என்பது நமக்குத் தோன்றுவதில்லை.

இரண்டாவது, அறிந்தோர் தம்மைக் குறைத்து மதிப்பிடுதல். 1999-இல் டன்னிங், குரூகர் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் இருவர் மாணவர்க்குத் தேர்வு வைத்து, நூறு பேரில் தம் இடம் எதுவெனக் கணிக்கச் செய்தனர். கடைசிக் கால் பகுதியினரின் உண்மை நிலை கீழிருந்து சராசரியாகப் 12-ஆம் இடம். அவர்தம் கணிப்போ 60-ஐத் தாண்டியது. முதற் கால் பகுதியினரோ தம் உண்மை நிலையினும் கீழாகவே தம்மைக் கணித்தனர். தமக்கு எளிதானது அனைவர்க்கும் எளிது என அவர்கள் எண்ணியதே அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. இவ்வாய்வின் புள்ளியியல் விளக்கம் பற்றிப் பின்னர் மாறுபட்ட கருத்துகளும் எழுந்தன. எனினும், ஒருவர் தம் அறிவுக்குத் தாமே இடும் மதிப்பெண் நம்பத்தக்கதன்று என்பது தெளிவு.

மூன்றாவது, பெற்ற வெற்றியைத் தமதெனக் கொள்ளாமை. பாலின் கிளான்சு, சுசான் ஐம்சு என்னும் உளவியலறிஞர் இருவர் 1978-இல் வெளியிட்ட கட்டுரையில், உயர்ந்த நிலையிலிருந்த 150-க்கும் மேற்பட்ட பெண்களைப் பற்றி எழுதினர். பட்டமும் பதவியும் பெற்றிருந்தும் அவர்களுட் பலர் தம் வெற்றியை நற்பேறு என்றும் பிறர் செய்த பிழை என்றும் கருதினர். ஒருநாள் தம் குட்டு வெளிப்பட்டுவிடும் என அஞ்சினர். நாமும் இதற்கு விலக்கல்லோம். எம்.ஃபில். வாய்மொழித் தேர்வன்று நன்கறிந்த வினாவுக்கும் விடை கூறாது நின்றோம். பட்டம் கிடைத்த பின்னரும், ‘தேர்வாளர் இரக்கப்பட்டார்’ என்றே நெடுநாள் நினைத்திருந்தோம்.

நான்காவது, சமூகம் சுமத்தும் எண்ணம். உத்தரப்பிரதேசச் சிற்றூர்களில் ஆறாம், ஏழாம் வகுப்புச் சிறுவர்க்கு வழிகண்டறியும் புதிர்களைக் கொடுத்து கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே ஆகியோர் ஆராய்ந்து, 2006-இல் முடிவை வெளியிட்டனர். சாதியைக் குறிப்பிடாதபோது இருதிறத்துச் சிறுவரும் ஒத்த திறனையே காட்டினர். அனைவர் முன்னிலையிலும் சாதியை உரக்கக் கூறியபோதோ ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்களின் திறன் வீழ்ந்தது. ஒரே சிறுவர், ஒரே மூளை, அறையில் சொல்லப்பட்ட ஒரு சொல்லே வேறு. தமிழ்வழியில் பயின்று வந்த மாணவர் ஆங்கில வகுப்பில் அமர்ந்து, மொழித் தடையை அறிவுத் தடையெனக் கருதி மயங்குவதும் இவ்வகையோடு சேர்த்து எண்ணத்தக்கதே.

அனைவர்க்கும் அறிவு ஒரே அளவினது என்று நாம் கூற வரவில்லை. விரைந்து கற்பாரும் மெல்லக் கற்பாரும் உளர். ஆயினும் 1905-இல் முதல் அறிவுத்திறன் தேர்வை உருவாக்கிய பிரெஞ்சு அறிஞர் ஆல்ஃபிரெட் பினே, உதவி தேவைப்படும் குழந்தைகளைக் கண்டறியவே அதனை வகுத்தார் என்பதும், அறிவு கூட்டவோ குறைக்கவோ இயலாத ஒன்று என்ற கருத்தை அவர் மறுத்தார் என்பதும் மறக்கற்பாலன அல்ல.

முன்னோர் காட்டும் நெறி

திருமறையின் ‘அல்கஹ்ஃப்’ அத்தியாயம் கூறும் நபி மூசா (அலை) அவர்களின் பயணத்தை நாம் அனைவரும் அறிவோம். மக்களுள் மிக அறிந்தவர் யார் என்ற வினாவுக்கு ‘நானே’ என்று விடையிறுத்த அப்பெரியாரை, இரு கடல் கூடுமிடத்தில் உள்ள ஹிள்ர் (அலை) அவர்களிடம் இறைவன் மாணவராய் அனுப்பினான் என்று நபிமொழி விளக்குகிறது. ஒருவர்க்கு அருளப்பட்ட அறிவு மற்றவர்க்கு அருளப்படவில்லை என்பதையும், இருவர் அறிவும் இறையறிவின் முன் கடலில் ஒரு சிட்டு அலகால் கொத்திய நீரளவே என்பதையும் அவ்வரலாறு உணர்த்துகிறது. பெருமிதத்திற்கு மருந்தாக இதனைக் கூறுவர். தாழ்வெண்ணத்திற்கும் இதுவே மருந்தெனலாம். அறிவு பல வகையினது. ஒரு வகை பெறாமையால் ஒருவர் அறிவிலார் ஆகார்.

இளமையிலேயே திருக்குர்ஆனை மனனம் செய்த இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களும் தம் நினைவாற்றல் குறைவைத் தம் ஆசிரியர் வகீஉ அவர்களிடம் முறையிட்டதாக அவர்தம் பெயரில் வழங்கும் பாடல் ஒன்று கூறும். ‘மூளையில்லை, போய்விடு’ என்று ஆசிரியர் கூறவில்லை; வாழ்க்கையைத் தூய்மை செய்துகொள்ளும் வழியையே காட்டினார். வள்ளுவரும் ‘கல்வி’, ‘கேள்வி’, ‘அறிவுடைமை’ என்பவற்றுக்கு அதிகாரங்கள் வகுத்ததோடு அமையாது, ‘அவையஞ்சாமை’க்கும் தனி அதிகாரம் வகுத்தார். கற்றோரும் அவை முன் அஞ்சுவர் என்பதை அவர் அறிந்திருந்தார்.

தறி கற்பித்த பாடம்

மாணவரின் விண்ணப்பத்தை நம் மேசையில் வைத்துக்கொண்டு, அவ்வார இறுதியில் பெரணமல்லூர் சென்றோம். “வாங்க சார்” என வரவேற்ற தந்தையார், “எனக்குத்தான் படிப்பு ஏறல, தறியில உக்காந்தேன். பையனாவது மூளைக்காரன்னு நெனச்சேன்” என்றார். மகனிடம் கேட்ட சொல்லையே தந்தையிடமும் கேட்டோம். ‘தறியிலயே உக்காந்துடறேன்’ என்ற பேச்சில், தறி அறிவற்றோர்க்குரிய இடம் என்னும் எண்ணமும் மறைந்திருந்தமை அப்போதுதான் நமக்குப் புலனாயிற்று.

தறியின் மேலே ஜக்கார்டுப் பெட்டியில் துளையிட்ட அட்டைகள் வரிசையாய்த் தொங்கின. துளையுள்ள இடத்தில் பாவிழை மேலெழும். துளையில்லாத இடத்தில் எழாது. எழுந்த இழைகளின் கீழே நாடா ஊடையை இழுத்துச் செல்லும். அட்டை ஒவ்வொன்றாய் மாற மாற, கரையில் மயிலும் மாங்காயும் உருப்பெறும். 1804-ஐ ஒட்டிப் பிரான்சு நாட்டின் லியோன் நகரில் ஜக்கார்டு என்பார் உருவாக்கிய பொறி இது. 1830-களில் சார்லசு பாபேஜ் தாம் திட்டமிட்ட கணக்கிடும் பொறிக்குக் கட்டளையிட இத்துளையட்டைகளையே மேற்கொண்டார். துளை உண்டு, இல்லை என்ற இரண்டே நிலைகள். கணினியின் ஒன்றும் சுழியும் போன்றவை. “கல்லூரியில் ஆங்கிலத்தில் கேட்டு விளங்கவில்லை என்றீர்களே, அதனைச் சிறுவயதில் தார் சுற்றிக்கொண்டே இங்குக் கண்டிருக்கிறீர்கள்” என்றோம். மாணவர் அட்டைகளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாவிழை அறுந்தால் என் செய்வீர் எனத் தந்தையாரை வினவினோம். “இழை அறுந்தா தறியக் குத்தம் சொல்ல மாட்டோங்க. அறுந்த முனையத் தேடிப் புடிச்சு முடிச்சுப் போட்டுட்டு மேல நெய்வோம்” என்றார். ‘இந்தப் பாடம் விளங்கவில்லை’ என்பது அறுந்த இழையைத் தேடும் ஐயம்; கல்விக்கு இன்றியமையாதது. ‘நான் விளங்காதவன்’ என்பதோ தறியையே பழிக்கும் ஐயம். அதனால் ஒரு முழமும் நெய்ய இயலாது.

செய்யத்தக்கன

மாணவச் செல்வங்களே! ‘எனக்கு அறிவில்லை’ என்னும் எண்ணம் எழுங்கால், எந்தப் பாடத்தில், எந்தப் பக்கத்தில், எந்த வரியில் நின்றுபோனீர்கள் என எழுதிப் பாருங்கள். ஐயம் ஒரு வரியளவுக்குச் சுருங்கினால் அதற்கு விடை கிட்டும். பிறரோடு ஒப்பிடாது, சென்ற மாதத்து உங்களோடு இன்றைய உங்களை ஒப்பிடுங்கள். உறக்கமும் பசியும் கெட்டு, வாழ்வே வெறுக்கும் நிலை தோன்றுமாயின், நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் உடனே கூறுங்கள், மருத்துவரை அணுகுங்கள், 14416 என்னும் அரசின் மனநல உதவி எண்ணும் உண்டு.

ஆசிரியப் பெருமக்கள் மதிப்பெண்ணை வகுப்பில் உரக்கப் படிப்பதைத் தவிர்த்தல் நன்று. வினா எழுப்பிய பின் சற்றுக் காத்திருந்தால் மெல்லக் கற்பாரின் குரலும் கேட்கும். சமுதாயப் பெரியோர்களும் பெற்றோரும், ‘அவன் பிள்ளையைப் பார்’ என்னும் சொல்லை வீட்டில் வழங்காதிருக்க வேண்டுகிறோம்.

நிறைவாக

அம்மாணவர் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றார். உடனே முதல் மாணவராகிவிடவில்லை. அப்பருவத்தில் இரு தாள்களில் தவறி, மறுமுறை எழுதித் தேறினார். ஆனால் வகுப்பில் எழுந்து, “இது புரியலைங்க ஐயா” எனக் கேட்கத் தொடங்கினார். அவர் கேட்ட பின், ‘எனக்கும்’ என்று வேறு நால்வர் கைதூக்கியதாக அவர்தம் துறை ஆசிரியர் நம்மிடம் கூறினார். தாம் ஒருவரே விழித்துக்கொண்டிருப்பதாய் அவர் எண்ணிய அதே வகுப்பில்தான் அந்நால்வரும் அமர்ந்திருந்தனர்.

அறிவைப் பெருக்குமாறு இறைவனிடம் வேண்ட நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. பெருக்க இயலாத ஒன்றை வேண்டுமாறு அவன் கற்பித்திருப்பானா என்பதை எண்ணிப் பார்ப்போமாக.